டெலிஜெனிக்: ஒரு பெயரடைக்கு எதிராக

ஆங்கிலத்தில் எனக்குப் பிடிக்காத சொற்கள் நிறைய உண்டு. அவற்றோடு சண்டைக்குப் போவதில்லை. பிடிக்கலைன்னா பயன்படுத்தாம விட்டுடலாம், அவ்வளவுதான். 'டெலிஜெனிக்' என்ற சொல்லை மட்டும் அப்படி விட முடியவில்லை. கொஞ்ச காலமாக அது நம் கட்டுரைகளிலும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அயல்நாட்டு அதிபர் ஒருவரைப் பற்றி எழுதும்போது 'டெலிஜெனிக்கான தலைவர்'. சூழலியல் போராட்டம் பற்றி எழுதும்போது 'டெலிஜெனிக்கான இளம் முகம்'. எழுதுகிறவர்கள் என் நண்பர்கள்தான், நல்லா எழுதுறவங்கதான். கேட்டால், "டிவில பாக்க நல்லா இருப்பாங்கன்னு அர்த்தம். இதுல என்ன தப்பு?" என்கிறார்கள்.

அகராதியும் அதைத்தான் சொல்கிறது. தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு ஏற்ற, கவர்ந்திழுக்கும் தோற்றமோ பாங்கோ உடைய. பார்த்தால் சாது. நான் சொல்ல வருவது, இந்தச் சொல்லின் இலக்கணத்திலேயே ஒரு பொய் இருக்கிறது என்பதை. உயரமான மனிதர் என்றால் உயரம் அவருடையது. சிவந்த மண் என்றால் சிவப்பு மண்ணுடையது. டெலிஜெனிக்கான மனிதர் என்று சொல்லும்போதும் அது அவருக்குள்ளேயே இருக்கும் குணம், பிறந்தபோதே கூட வந்தது என்று தோன்றிவிடுகிறது. ஆனால் தொலைக்காட்சி இல்லாத அறையில் யாரும் டெலிஜெனிக்காக இருக்க முடியாது. ஒரு கேமரா, ஒரு விளக்கு, ஒரு மேக்கப் பெட்டி, எந்த முகத்தை எத்தனை மணிக்குக் காட்டலாம் என்று தீர்மானிக்கும் ஒரு ஆள், இத்தனையும் சேர்ந்து செய்கிற வேலை அது. வேலையைச் செய்தவர்களை மறைத்துவிட்டு, விளைவை ஒருவரின் முகத்தில் ஒட்டிவிடுகிறது இந்தப் பெயரடை.

இதன் பிறப்பைக் கொஞ்சம் பார்க்கலாம். இதற்கு முன்னால் 'போட்டோஜெனிக்' இருந்தது. 1839இல் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் லண்டன் ராயல் சொசைட்டியில் தன்னுடைய புதிய முறையை அறிவித்தபோது அதற்கு வைத்த பெயர் 'போட்டோஜெனிக் டிராயிங்'. வெள்ளி உப்பு தடவிய தாளின் மேல் ஒரு இலையையோ லேஸ் துணியையோ வைத்து வெயிலில் காட்டுவார். இலை மறைத்த இடம் வெளுப்பாகவும் மற்ற இடம் கருப்பாகவும் மாறும். ஒளி வரைந்த சித்திரம். 'ஜென்' என்ற கிரேக்க வேருக்குப் பிறப்பித்தல் என்று பொருள். ஹைட்ரஜனில் இருப்பதும் அதுதான், நீரைப் பிறப்பிப்பது. கார்சினோஜெனிக் என்று புகையிலையைச் சொல்கிறோமே, புற்றுநோயைப் பிறப்பிப்பது, அங்கேயும் அதே வேர்தான். டால்பட்டின் சொல்லில் யார் செய்தது என்பது தெளிவாக இருந்தது. ஒளி செய்தது. இலை சும்மா கிடந்தது.

எண்பது வருடம் கழித்து அதே சொல் தலைகீழாகிவிட்டது. 1920களில் சினிமா பெருகிய காலத்தில் 'போட்டோஜெனிக்' என்றால் படத்தில் அழகாக விழுகிற ஆள் என்றானது. பிரான்சில் லூயி டெல்லுக்கும் ழான் எப்ஸ்டீனும் 'போட்டோஜெனி' என்பதை வைத்து ஒரு தத்துவமே பேசினார்கள். சினிமாவில் பதிவாகும்போது ஒரு பொருளின் உள்ளியல்பு கூடித் தெரிவது என்ற மாதிரி. அவர்களாவது கேமராவையும் கணக்கில் வைத்திருந்தார்கள். ஹாலிவுட்டுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. முகம் போட்டோஜெனிக்கா இல்லையா, அவ்வளவுதான். ஒளியிடமிருந்து பிடுங்கி முகத்திடம் கொடுத்தாகிவிட்டது.

'டெலிஜெனிக்' அந்த அச்சில் வார்த்தது. ஆங்கில அகராதிகள் இதன் முதல் பயன்பாட்டை 1930களின் கடைசியில் வைக்கின்றன. 1936 நவம்பரில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது. 1939 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியின்போது அமெரிக்காவில் என்பிசி தொடங்கியது. அதாவது, அட்லாண்டிக்கின் இரு பக்கத்திலும் பெரும்பாலான வீடுகளில் பெட்டியே இல்லாத காலத்தில், பெட்டிக்கு ஏற்ற முகம் எது என்று சொல்ல ஒரு சொல் தயாராகிவிட்டது. இந்த அவசரம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. குழந்தை பிறக்கும் முன்னாடியே மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி.

அந்தக் காலத்துப் பெட்டிக்கு ஏற்ற முகம் எப்படி இருந்தது தெரியுமா? ஜான் லோகி பெயர்டின் முப்பது கோட்டுத் தொலைக்காட்சியில் நடிக்க வந்தவர்களுக்கு முகம் முழுக்க வெள்ளை அடித்து, உதட்டுக்கும் புருவத்துக்கும் கருநீலம் தீட்டினார்கள். அப்படித் தீட்டினால்தான் வாய் எங்கே, கண் எங்கே என்று பார்க்கிறவருக்குத் தெரியும். நேரில் பார்த்தால் குழந்தை அழுதுவிடும். ஆனால் அந்த இயந்திரத்துக்கு அதுதான் ஏற்ற முகம்.

இயந்திரம் முன்னேறியது. கலர் வந்தது. இங்கேதான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போகிறது. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து புகைப்படக் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். முதலில் நின்ற மாடலின் பெயரை வைத்து அதற்கு 'ஷெர்லி கார்டு' என்றே பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியான நிறத்தில் வந்தால் அச்சு சரி. அவளை அளவுகோலாக வைத்து மற்ற எல்லோரையும் கழுவி அச்சடித்தார்கள். கருப்புத் தோல் ஒன்று சேற்றுக் கட்டியாக விழும், இல்லை பல்லும் கண்ணும் மட்டும் தெரியும். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கருப்பர்களின் புகாரைவிட, சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பொருட்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் விளம்பரத்தில் சரியாக விழவில்லை என்று புகார் செய்ததுதான் ஃபிலிமை மாற்ற வைத்தது என்று கோடாக்கில் வேலை செய்தவர்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தேக்குக்கும் சாக்லேட்டுக்கும் கிடைத்த மரியாதை! கலர் டிவியிலும் இதே கதைதான். கேமராவின் நிறத்தைச் சரிசெய்ய ஸ்டுடியோவில் வெள்ளைக்காரப் பெண்களை விளக்குக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள்.

இப்படி ஒரு தோலுக்கு அளந்து தைத்த சட்டையை எல்லோருக்கும் மாட்டிப் பார்த்துவிட்டு, பொருந்தாதவரைப் பார்த்து "உனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்கிற வேலையைத்தான் 'டெலிஜெனிக்' செய்துவந்திருக்கிறது. சட்டையைப் பற்றிப் பேச அந்தச் சொல்லில் இடமே கிடையாது.

"சரி, பழைய டெக்னாலஜி கதையெல்லாம் எதுக்கு? கென்னடியப் பாருங்க" என்பார்கள் அடுத்து. எப்போதும் கென்னடிதான். டெலிஜெனிக் என்று எழுதுகிற கை தானாகவே 1960 செப்டம்பர் 26க்குப் போய்விடும். சிகாகோ ஸ்டுடியோவில் கென்னடியும் நிக்சனும் விவாதித்தார்கள். ஏறத்தாழ 7 கோடி பேர் பார்த்தார்கள். கென்னடி வெயிலில் பழுத்த நிறத்தோடு பளிச்சென்று இருந்தார். நிக்சன் முழங்கால் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்து எடை குறைந்து வந்திருந்தார். சாம்பல் நிறப் பின்புலத்தில் சாம்பல் நிறக் கோட்டு. முழு மேக்கப் வேண்டாம் என்று சொல்லி, தாடி நிழலை மறைக்க ஏதோ பவுடரை மட்டும் பூசிக்கொண்டார். வேர்த்தது. டிவியில் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்தார் என்றார்கள், ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றார்கள். ஆக, முகம் ஜெயித்தது. ஊடகவியல் வகுப்புகளில் இது அரிச்சுவடி.

இந்த ரேடியோ கதைக்கு என்ன ஆதாரம் என்று 1987இல் டேவிட் வான்சில், சூ பெண்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். கையில் சிக்கிய உருப்படியான ஆதாரம் சிண்ட்லிங்கர் என்ற நிறுவனத்தின் ஒரே ஒரு கருத்துக்கணிப்பு. அதில் ரேடியோவில் கேட்டதாகச் சொன்னவர்கள் 300 பேர்கூட இல்லை. அவர்களிலும் யார் ஜெயித்தார் என்று கருத்துச் சொன்னவர்கள் இன்னும் குறைவு. அந்தக் காலத்தில் டிவி இல்லாமல் ரேடியோ கேட்டவர்கள் கிராமப்புற புராட்டஸ்டண்டுகளாக இருக்க வாய்ப்பு அதிகம், கத்தோலிக்கரான கென்னடியை அவர்களுக்கு முதலிலேயே பிடிக்காமல் இருந்திருக்கலாம் என்றும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் 2003இல் ஜேம்ஸ் டிரக்மன் அந்த விவாதத்தை, அதைப் பற்றித் தெரியாத மாணவர்களுக்கு ஒரு பகுதியினருக்குக் காட்டியும் மறுபகுதியினருக்குக் கேட்க மட்டும் கொடுத்தும் சோதித்தார். பார்த்தவர்கள் கென்னடி பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். எனவே படத்துக்குச் சக்தி இல்லை என்று நான் வாதிடவில்லை. சக்தி யாருடையது என்பதுதான் கேள்வி.

ஏனென்றால், அதே நிக்சன் எட்டு வருடத்துக்கு முன்பு, 1952 செப்டம்பர் 23 அன்று, ரகசிய நிதிக் குற்றச்சாட்டில் துணை அதிபர் வேட்பாளர் பதவியே பறிபோகும் நிலையில், எங்கே போய் நின்றார்? தொலைக்காட்சிக்கு. அரை மணி நேரம் பேசினார். தன் கடன் கணக்கையும் மனைவியின் சாதாரணத் துணிக்கோட்டையும் குழந்தைகளுக்குப் பரிசாக வந்த செக்கர்ஸ் என்ற நாய்க்குட்டியையும் சொல்லி உருக்கினார். ஆதரவுத் தந்திகள் குவிந்தன, பதவி தப்பியது. ஆறு கோடி பேர் அன்று பார்த்த முகமும் இதே தாடி நிழல் முகம்தான். பிறகு 1968இல் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் அவரை டிவிக்காக எப்படிச் சமைத்தார்கள் என்று ஜோ மெக்கினிஸ் ஒரு புத்தகமே எழுதினார். 1972இல் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். டெலிஜெனிக் இல்லாத மனிதர்!

கென்னடி பக்கமும் பாருங்கள். அந்த மேடையில் இருந்த இரண்டு பேரில் நாள்பட்ட நோயாளி அவர்தான். அடிசன் நோய், தீராத முதுகுவலி, ஸ்டீராய்டு மருந்துகள். அவருடைய ஆட்கள் அந்த வருடம் அதை வெளியே மறுத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் ஆறிக்கொண்டிருந்தவர் நோயாளியாகத் தெரிந்தார், வாழ்நாள் நோயாளி ஆரோக்கியத்தின் உருவமாகத் தெரிந்தார். டிவி உண்மையைக் காட்டிவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த இரவைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள் என்பது பெரிய வேடிக்கை. கடைசியில் 6.8 கோடிக்கு மேல் விழுந்த வாக்குகளில் கென்னடியின் முன்னிலை 1.2 லட்சத்தைத் தாண்டவில்லை. அவ்வளவு சின்ன வித்தியாசத்தை எதை வைத்து வேண்டுமானாலும் விளக்கலாம். முகத்தை வைத்து விளக்குவது சுலபம், வேறு எதையும் படிக்க வேண்டியதில்லை.

நம்ம ஊரில் சினிமா முகம் அரசியலான கதை இதோடு சேராது. அது வேறு வரலாறு, அதற்கு வேறு கட்டுரை.

சொந்த அனுபவம் ஒன்று உண்டு. சென்னையில் ஒரு செய்தி சேனலில் இரண்டு வருடம் விருந்தினர் ஒருங்கிணைப்பு வேலையில் இருந்தேன். இரவு விவாதத்துக்கு ஆள் பிடிக்கிற வேலை. எங்களிடம் ஒரு எக்செல் பட்டியல் இருந்தது. பெயர், போன் நம்பர், கட்சி அல்லது துறை, கடைசியாக ஒரு கட்டம். அதில் 'ஸ்கிரீன் ஓகே' அல்லது 'ஸ்கிரீன் வீக்'. யார் எப்போது அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் சேரும்போதே நிரம்பியிருந்தது. ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவர் இருந்தார். ஏரி, மதகு, கலங்கல் என்று முப்பது வருடம் கரையிலேயே கிடந்தவர். ஒவ்வொரு மழைக்கும் எந்த ஏரி எந்தப் பக்கம் உடையும் என்று சொல்லத் தெரிந்தவர். நிதானமாகப் பேசுவார். முன்பல் இரண்டு கிடையாது. ஒரு வெள்ளத்தின்போது அவரைக் கூப்பிடலாம் என்றேன். பொறுப்பாளர் சொன்னார், "நல்ல மனுஷன்தான் தம்பி. ஆனா விஷுவலா வேலைக்காவாது. போனோ எடுத்துக்கலாம்." போனோ என்றால் போனில் குரலை மட்டும் எடுத்து, திரையில் ஒரு ஸ்டில் போட்டோவை ஓட்டுவது. அவருக்கு நாற்பது வினாடி கிடைத்தது. ஸ்டுடியோவில் உட்கார்ந்த நால்வருக்கு ஒரு மணி நேரம். அதில் ஒருவர் மதகுக்கும் கலங்கலுக்கும் வித்தியாசம் தெரியாதவர், ஆனால் ஸ்கிரீன் ஓகே.

அங்கே யாரும் டெலிஜெனிக் என்ற சொல்லைச் சொன்னதில்லை. 'விஷுவல்' என்ற ஒற்றைச் சொல்தான் எல்லாவற்றுக்கும். விபத்துச் செய்தி வந்தால் டெஸ்கிலிருந்து முதல் கேள்வி, "எத்தனை பேர்?" என்று இருக்காது. "விஷுவல் இருக்கா?" என்றுதான் இருக்கும். இருந்தால் ஹெட்லைன். இல்லையென்றால், "ஸ்க்ரோல்ல போட்டு விட்டுடு."

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

பெண்களுக்கு இந்தச் சொல் எப்படி நடைமுறையாகிறது என்று கோர்ட் ஆவணங்களிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் செய்தி வாசித்த கிறிஸ்டின் கிராஃப்டை 1981இல் அந்த இடத்திலிருந்து இறக்கினார்கள். ரொம்ப வயசு, அழகு போதாது, ஆண்களுக்கு அடங்கின மாதிரி இல்லை, இதுதான் பார்வையாளர் ஆய்வில் வந்த முடிவு என்று தன்னிடம் சொன்னதாக அவர் வழக்குப் போட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஜூரி அவர் பக்கம் 5 லட்சம் டாலர் கொடுத்தது. மேல்முறையீட்டில் எல்லாம் போயிற்று. பிரிட்டனில் மிரியம் ஓ'ரெய்லி என்ற தொகுப்பாளர் ஐம்பது வயதைத் தாண்டியதும், அவர் நிகழ்ச்சி பிரைம் டைமுக்கு மாறியபோது வெளியேற்றப்பட்டார். 2011இல் தீர்ப்பாயம் அதை வயதுப் பாகுபாடு என்று சொல்லிவிட்டது. டெலிஜெனிக் என்று முணுமுணுத்துக் கடந்துபோவதை, சட்டத்தின் மொழியில் சொல்ல வைத்தால் பாகுபாடு என்று வருகிறது. மொழிபெயர்ப்பாளனாக எனக்கு இது பயனுள்ள தகவல்.

இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதற்கெல்லாம் இந்தச் சொல்லைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன், பகைத்திருக்க மாட்டேன்.

2014 ஜூலை. காஸா மீது இஸ்ரேலின் போர். ஜூலை 16 அன்று கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த நான்கு சிறுவர்கள், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், குண்டுவீச்சில் கொல்லப்பட்டார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் பக்கத்தில் என்பதால் உலகம் உடனே பார்த்தது. அதே வாரத்தில் வாஷிங்டன் போஸ்ட் பத்தியாளர் சார்லஸ் கிராத்தமர், ஹமாஸ் தன் மக்கள் டெலிஜெனிக்காகக் கொல்லப்பட வேண்டும் என்றே போர் நடத்துகிறது என்று எழுதினார். ஜூலை 20 அன்று சிஎன்என் பேட்டியில் பிரதமர் நெதன்யாகு, ஹமாஸ் டெலிஜெனிக்காக இறந்த பாலஸ்தீனர்களைத் தங்கள் நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறது என்றார்.

பெயரடை வினையடையாகிவிட்டது. டெலிஜெனிக்கலி டெட்.

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். பத்தியாளர் வாக்கியத்தில் 'கொல்லப்பட' என்றாவது இருந்தது. யாரோ கொல்கிறார்கள் என்ற தடயம் செயப்பாட்டு வினையில் மிச்சம் இருந்தது. பிரதமர் வாக்கியத்தில் அதுவும் இல்லை. அவர்கள் இறந்திருக்கிறார்கள். தாங்களாகவே. அதுவும் அழகாக. முகத்தில் ஒட்டியிருந்த குணம் இப்போது பிணத்தில் ஒட்டப்படுகிறது. இலையின் கதைதான் மறுபடியும். ஒளியைத் துடைத்துவிட்டு இலையிடம் பொறுப்பைக் கொடுத்தது போல, குண்டைத் துடைத்துவிட்டுக் குழந்தையிடம் கொடுத்தாகிவிட்டது. அந்தப் போரில் 2,251 பாலஸ்தீனர்கள் இறந்தார்கள், அவர்களில் 551 பேர் குழந்தைகள் என்று ஐ.நா. விசாரணை ஆணையம் பிறகு சொன்னது. இஸ்ரேல் தரப்பில் 67 ராணுவத்தினரும் 6 பொதுமக்களும்.

"ஹமாஸ் மக்களைக் கேடயமாகப் பயன்படுத்தவில்லையா? சாவைப் பிரச்சாரம் ஆக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். ஆயுதக் குழுக்கள் அதைச் செய்யும். மக்கள் நடுவிலிருந்து சுடுவதும், சாவைச் சுவரொட்டி ஆக்குவதும் குற்றம்தான், அதைக் குற்றம் என்றே சொல்லுங்கள். அதைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பிரச்சாரம் என்று சொல்லலாம், மனிதக் கேடயம் என்று சொல்லலாம். அந்தச் சொற்களில் குற்றம் செய்பவருக்கு இடம் இருக்கிறது. டெலிஜெனிக் என்பதில் இல்லை. அது செத்தவரின் தோற்றத்தைப் பற்றிய விமர்சனம். தொலைக்காட்சி விமர்சகன் எழுதும் சொல்லை ஒரு போர் நடத்துகிறவர் எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொள்ளும்படி அது தயாராக இருந்தது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. படம் இருந்தால் இந்தக் கேலி. படமே இல்லையென்றால்?

2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஐ.நா.வையும் உதவி நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறச் சொன்னது. சுதந்திரமான பத்திரிகையாளர்கள் ஏற்கெனவே உள்ளே போக முடியாது. 2009 மே வரை அங்கே நடந்தது உலகத் தொலைக்காட்சிகளுக்கு ஸ்க்ரோல். கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை வந்தது. அந்த வருடம் ஜூனில் சேனல் 4 ஆவணப்படம் ஒளிபரப்பானபோது உலகம் பார்த்ததில் பெரும்பகுதி கைப்பேசியில் எடுத்தது. உள்ளே சிக்கியிருந்த மக்கள் எடுத்தது ஒரு பங்கு, ராணுவத்தினரே வெற்றிச் சின்னம்போல எடுத்துவைத்தது இன்னொரு பங்கு. ஆடும், மங்கும், பாதியில் அறுந்துபோகும் படங்கள். டெஸ்கில் காட்டியிருந்தால் 'விஷுவல் வீக்' என்று சொல்லியிருப்பார்கள். இலங்கை அரசு இவற்றைப் பொய் என்றது. படம் இல்லாதபோது, எதுவும் நடக்கவில்லை. படம் வந்தபோது, படம் ஜோடிக்கப்பட்டது. காஸாவில் படம் வந்தபோது, படத்துக்காகச் செத்தார்கள். மூன்று பதிலுக்கும் உள்ளே ஒரே எண்ணம்தான் இருக்கிறது.

நம்மையும் விட்டுவிட முடியாது. 2013 பிப்ரவரியில் பன்னிரண்டு வயது பாலச்சந்திரன் பதுங்குகுழியில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கும் படமும், அடுத்து மார்பில் குண்டுகளோடு கிடக்கும் படமும் வெளிவந்தன. அடுத்த மாதம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, நானும் அதில் இருந்தேன். ஆனால் நான்கு வருடமாக எண்ணிக்கையாக இருந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு வராத தெருக்கூட்டம் இரண்டு படங்களுக்கு வந்தது. படம் தெளிவாக இருந்தது, யாருடைய பிள்ளை என்று நமக்குத் தெரிந்திருந்தது. இதைச் சொன்னால் சிலருக்கு வலிக்கும், வலிக்கட்டும். எந்தப் படமும் எடுக்கப்படாமல் புதைந்த குழந்தைக்கு முகம் குறைவாக இருந்ததில்லை. பக்கத்தில் கேமரா இல்லை, அவ்வளவுதான்.

இப்போது மொழிபெயர்ப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் இருப்பதால் நாம் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை. தமிழில் 'களையான முகம்' உண்டு, 'எடுப்பான முகம்' உண்டு, 'லட்சணம்' உண்டு. இவையும் தோற்றத்தை அளக்கிற சொற்கள்தான், அவற்றிலும் சாதியும் நிறமும் ஒட்டியிருக்கின்றன, புனிதம் எதுவும் இல்லை. ஆனாலும் களையான முகம் என்று சொன்னால் யார் பார்த்துச் சொல்வது என்று கேட்கலாம். எதிரில் ஒரு கிழவி நிற்கிறாள், அவள் கண்ணுக்கு அப்படிப்படுகிறது. டெலிஜெனிக்கில் எதிரில் யாரும் இல்லை. சிலர் 'வசீகரமான' என்று மாற்றுகிறார்கள். அது இன்னும் மோசம். தொலைக்காட்சியையும் அழித்துவிட்டால் பொய் முழுமையாகிவிடும்.

போன வருடம் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்தபோது நெதன்யாகுவின் அந்த வாக்கியம் அதில் வந்தது. 'தொலைக்காட்சிக்கு ஏற்ற விதத்தில் இறந்த பாலஸ்தீனர்கள்' என்று எழுதினேன். ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணே, இந்த வரி தமிழ்ல ஒட்டலையே. 'ஏற்ற விதத்தில் இறந்த'னு எப்படிண்ணே சொல்றது? கொஞ்சம் இயல்பா மாத்திக்கட்டுமா?" என்றான். மாற்றாதே என்றேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக வழுக்கிக்கொண்டு போன வாக்கியம் தமிழில் தடுக்கி விழுகிறது என்றால், ஆங்கிலத்திலும் அது தடுக்கி விழுந்திருக்க வேண்டிய வாக்கியம்தான்.

'டெலிஜெனிக்கான தலைவர்' என்று எழுதிய நண்பரிடமும் இதையேதான் கேட்டேன். எந்த சேனல், யார் எடுத்தது, அவருக்குப் பக்கத்தில் உட்கார வைக்காமல் விட்டது யாரை? அதையெல்லாம் எழுதினால் கட்டுரை நாலு பத்தி கூடும் என்றார் அவர். கூடட்டும், இணையத்தில் பக்கக் கணக்கு எதுவும் இல்லையே என்றேன்.